முனை உடையாத சர்க்கரைக் கூம்பு

ஐத் உமாலு
மார்ச் 4

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மருமகள் திலீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையில் ஸ்பேனர் இருந்தால் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள். இனி நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, நம் அட்லஸ் மலையின் பனி சாட்சியாக இப்போதே வாக்குக் கொடுக்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை. என் கோவேறு கழுதை காயித்திடம் சொன்னேன், அது காதை மடக்கிக்கொண்டது.

உன் தாய்மாமன் பாஸ்ஸு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான்.

பெண் யார் தெரியுமா? கணவாய்க்கு அந்தப் பக்கம் தகாண்ட் ஊரில், புருஷன் போனபிறகு தனியாளாக விருந்தினர் விடுதி நடத்துகிறாளே, அந்த ஹத்தா. போன வியாழன் சந்தையில், தேநீர்க் கடையில் உட்கார்ந்து என் வீரக்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஊற்றிய தேநீரைச் சைக்கிளில் எடுத்துப்போய் அந்தப் பக்கம் ஆறாமல் குடித்த கதை. பக்கத்தில் புதினாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"பாஸ்ஸு, நீங்க பேசறதுல பாதி காத்து, மீதி புழுதி. உண்மைன்னு ஒண்ணாவது இருக்கா?"

"இருக்கு. உன்னைக் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன். அது உண்மை."

கொதித்துக்கொண்டிருந்த கெட்டில் கொதிப்பதை நிறுத்தியது. நம்பாவிட்டால் போ. அவள் மட்டும் அசரவில்லை. புதினாக் கட்டை உதறிக் கூடையில் போட்டாள்.

"பொண்ணு கேக்க வர்றவங்க கெட்டிச் சர்க்கரைக் கூம்போடதானே வருவாங்க? நீங்களும் வாங்க. வேன்ல சுத்தி வரக்கூடாது. கழுதைமேல வரக்கூடாது. பெருமை அடிச்சீங்களே, அந்தச் சைக்கிளோட, கணவாய் வழியா வரணும். என் மொட்டை மாடியில நின்னா உச்சியிலேர்ந்து வாசல் வரைக்கும் பாதை தெரியும். பாத்துக்கிட்டே இருப்பேன். கூம்பு முனை உடையாம வந்தா தேநீர்ல போடுவேன். தூளா வந்தா உங்க கழுதைக்கு நக்கக் குடுங்க."

ஏப்ரல் கடைசி வியாழன் என்று நாளும் குறித்துவிட்டாள். மருமகளே, எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்த ஒரு வாசலில் என்னைத் திருப்பி அனுப்பினால், இனிமேல் எந்தச் சந்தையிலும் நான் வாயைத் திறக்கமுடியாது. வாய் இல்லாத பாஸ்ஸு என்ன பாஸ்ஸு?

சைக்கிள் என்று நான் சொல்வது, முந்தின வருஷம் ஒரு வெள்ளைக்கார விருந்தாளி வெறுத்துப்போய் நம் கொட்டகையில் விட்டுப்போனானே, அதைத்தான். அதன்மேல் இப்போது கோழி அடைகாக்கிறது. ஆகவே உன் பட்டறையில் உள்ள உதிரிபாகங்களில் எதெது பெரியதோ அதையெல்லாம் மராகேஷுக்கு வந்துபோகும் மோஹாவின் வேனில் உடனே அனுப்பு. பெரிய டயர், பெரிய கியர், பெரிய பிரேக். போனில் பேசலாம்தான். ஆனால் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் நம் மாடிப்படி, அதன் கீழே எப்போதும் உன் அம்மா வாதுமை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
கணவாய்களின் காவலன், இரு சக்கரங்களின் ஏகாதிபதி,
மாமா பாஸ்ஸு


மராகேஷ்
மார்ச் 11

மாமா,

வாழ்த்துகள். பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்கு அம்மா சாட்சி சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை போனில் மழை, வெங்காயம், ஆட்டுக்குட்டி எல்லாம் பேசிமுடித்த பிறகு, "உன் மாமன் தெனமும் சவரம் பண்றான்டி, அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

என் வேலையைப் பற்றி வழக்கம்போல ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருஷமாக இந்தப் பட்டறையில் இருக்கிறேன். என்ன செய்கிறாய் என்று அவள் கேட்டதே இல்லை. நான் கிளம்பிய அன்று, "நகத்துல கிரீஸ் ஒட்டின பொண்ண..." என்று பாதியில் நிறுத்திய பேச்சு இன்னும் பாதியிலேயே நிற்கிறது. போகட்டும். அது உங்கள் சைக்கிளில் மாட்டவேண்டிய பாகம் இல்லை.

எனக்கு உங்கள்மேல் இரண்டு கோபம். போன வருஷம் நான் அனுப்பிய காற்றுப் பம்பால் நீங்கள் ரொட்டி அடுப்பை ஊதினீர்கள். இது ஒன்று. இன்னொன்று, நான் அரண்மனைச் சைக்கிள்களுக்கெல்லாம் தலைமைப் பொறியாளர் என்று நம் பள்ளத்தாக்கு முழுவதும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். நேற்று ஒருவர் தன் மகனுக்கு அரண்மனையில் வேலை கேட்டுப் பட்டறை வாசலில் வந்து நிற்கிறார். நான் அப்போது ஒரு பழைய பெடலைப் பிடுங்கமுடியாமல் தரையில் உருண்டுகொண்டிருந்தேன்.

பெரியது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது, மாமா. பொருந்தவேண்டும். டயர் பெரிதாக இருந்தால் சட்டத்தில் உரசும். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே காற்றுப் புகுந்திருந்தால் பிடிக்காது. அதனால் முதலில் நான் கேட்பதைப் பார்த்து எழுதுங்கள், தயவுசெய்து மிகைப்படுத்தாமல். டயரின் பக்கவாட்டில் என்ன எண் இருக்கிறது? பின்டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைகிறதா? ஓர் அடிக்கோலைச் செயின்மேல் வையுங்கள். கோலின் தொடக்கம் ஓர் ஆணியின் நடுவில் இருந்தால், பன்னிரண்டாம் அங்குலமும் ஓர் ஆணியின் நடுவில் விழவேண்டும். எவ்வளவு தள்ளி விழுகிறது? பிரேக்கைப் பிடித்தால் அது கைப்பிடியைத் தொடுகிறதா? அதிர்ச்சி தாங்கும் முன்ஷாக்கை அழுத்தினால் எழுந்து வருகிறதா?

இன்னொன்றையும் கேட்கவேண்டும். கேட்கலாமா என்று தெரியவில்லை. நீங்கள் அந்தக் கணவாயை உண்மையிலேயே சைக்கிளில் தாண்டியிருக்கிறீர்களா?

திலீலா


ஐத் உமாலு
மார்ச் 18

தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நான் கணவாயைச் சைக்கிளில் தாண்டியதில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் என்னைத் தாண்டியிருக்கிறது. ஊற்றுக்குப் போகும் சரிவில் நான் கீழே விழுந்த பிறகு, அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தனியாகப் போய்ச் சேர்ந்தது.

மற்ற கேள்விகளுக்கு ஒரு துளியும் மிகையில்லாமல் எழுதுகிறேன். டயரில் 29 என்றும் 2.1 என்றும் பொறித்திருக்கிறது. இவை இரண்டு அரச வம்சங்களின் பெயர் என்று காயித்துக்கு விளக்கினேன். செயின் நீண்டு நீண்டு, பன்னிரண்டாம் அங்குலம் பக்கத்து ஊரில் விழுகிறது (கோலின்படி அரைக்கால் அங்குலம்). பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடியைத் தொடுவது மட்டுமில்லை, அதோடு சலாம் சொல்லிக் குசலம் விசாரிக்கிறது. வேகம் குறைவதில்லை. முன்ஷாக், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த உன் பெரியப்பா மாதிரி. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பின்னால் கியர் தொங்கும் துண்டு உள்பக்கமாக வளைந்திருக்கிறது. காரணம் காயித். பதினேழு வருஷமாக என்னைச் சுமந்த பிராணி, கொட்டகையில் நான் இன்னொன்றைத் துடைப்பதைப் பார்த்தால் உதைக்காமல் என்ன செய்யும்? மூன்று நாள் புல் தின்னவில்லை. அழுதது. அந்தக் கண்ணீரில் பார்லி வயலுக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சினேன்.

சுண்டுவிரல் விஷயம். என் விரல் உள்ளே நுழையவில்லை. என் விரலா உன் விரலா என்று நீ சொல்லவில்லையே. உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு?" என்றாள், மாவுக் கையோடு.

"திலீலா கேட்டிருக்கா. டயர் அளவு பாக்கணுமாம்."

 கையை நன்றாகக் கழுவினாள். கழுவிய கையை முந்தானையில் துடைத்து, உட்கார்ந்து, விரலை நீட்டினாள். நுழைந்தது, கொஞ்சம் இடமும் இருந்தது. எழுந்து போய்விட்டாள்.

சோதனை ஓட்டம் ஒன்றும் நடத்தினேன். சர்க்கரைக் கூம்பை நீலக் காகிதத்தோடு ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஊற்றுவரை போனேன். போய்ச் சேர்ந்தபோது காகிதம் இருந்தது. மறுநாள் இன்னொரு கூம்பு. அதன் மறுநாள் இன்னொன்று. உடைந்ததையெல்லாம் உன் அம்மா ஊருக்குப் பங்கிட்டுவிட்டாள். இப்போது ஐத் உமாலு முழுவதும் என் காதலைத்தான் தேநீரில் கலக்கிக் குடிக்கிறது. கடைக்காரன் கேட்கிறான், "என்ன பாஸ்ஸு, எத்தன பொண்ணு கேக்கப் போற?"

முன்ஷாக்கைக் கழற்றி மோஹாவிடம் கொடுத்திருக்கிறேன். வேனில் அதற்கு முன்சீட்டு. முன்சீட்டில் வந்த ஓர் ஆசிரியர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

சக்கரவர்த்தி


மராகேஷ்
ஏப்ரல் 8

மாமா,

முன்ஷாக்கைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் சேறு. சேறு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோழி இறகு. கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, புது எண்ணெய் விட்டிருக்கிறேன். இப்போது பெரியப்பா தானாகவே எழுந்திருப்பார். காற்றை வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக விட்டிருக்கிறேன், நீங்கள் ஏற்ற வேண்டாம். உங்களுக்குக் கல்லாக இருந்தால் சர்க்கரைக்கும் கல்லாகத்தான் இருக்கும்.

மற்றவை, காயித் உதைத்து வளைத்த துண்டுக்கு மாற்று உட்பட, பெட்டியில் இருக்கின்றன. டயர் 2.4 அங்குல அகலம். நீங்கள் கேட்டதுபோல் இன்னும் பெரியது சட்டத்துக்குள் சுழலாது. அம்மா விரல் நீட்டினாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த அளவை வைத்துத்தான் டயர் தேர்ந்தெடுத்தேன். பக்கச்சுவர் தடித்த ரகம், கணவாய்க் கற்கள் கிழிக்காது. டியூப் வேண்டாம். புட்டியில் பால்போல இருக்கும் பசையை டயருக்குள் ஊற்றிக் காற்றடியுங்கள். முள் குத்தினால் அந்தப் பாலே போய் ஓட்டையை அடைக்கும். டயரை விரலால் அழுத்தினால் லேசாகக் குழியவேண்டும், அவ்வளவு காற்றுப் போதும்.

செயினோடு பின் பல்சக்கரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். செயின்தானே தேய்ந்தது, இது எதற்கு என்பீர்கள். பழைய செயினோடு சேர்ந்து அந்தப் பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை அதில் மாட்டினால் மேட்டில் மிதிக்கும்போது தாவும், நீங்கள் ஹேண்டில்பாரில் பல்லை விட்டுவிட்டு வருவீர்கள். மாப்பிள்ளைக்குப் பல் வேண்டும்.

சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடில் இரண்டு வகை உண்டு. மென்மையானது சத்தம் போடாது, ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறிச் சோர்ந்துவிடும். உலோகம் கலந்தது கொஞ்சம் கத்தும், ஆனால் கடைசிவரை பிடிக்கும். தகாண்ட் இறக்கம் நீளமானது. உலோகம்தான். சின்னப் புட்டியில் சிவப்பு எண்ணெய் இருக்கிறது, அதை ஊசிக்குழாயால் கீழிருந்து மேலாகப் பிரேக் குழாய்க்குள் செலுத்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள்.

இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குழாய்க்கு உள்ளேதான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை விரலால்கூடத் தொடாதீர்கள். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது, கத்தி ஊரைக் கூட்டும்.

கடைசியாக, சர்க்கரையை சைக்கிளில் கட்டாதீர்கள். போர்வையில் சுற்றி முதுகில் கட்டுங்கள். சீட்டைவிட்டு எழுந்து, முட்டியை மடக்கி நின்று ஓட்டுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத நல்ல ஷாக் முட்டிதான்.

வந்து நானே மாட்டிக் கொடுக்கலாம் என்று இருந்தது. முதலாளி லீவு தந்திருப்பார். பெட்டியைக் கட்டும்போது அரைநாள் யோசித்தேன். நான் குனிந்து பிரேக்கை மாட்டுவதை அம்மா வாசலில் நின்று பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மௌனத்துக்கு என்னிடம் மாற்றுப் பாகம் இல்லை.

நன்றாக ஓட்டுங்கள். ஹத்தாவிடம் உண்மையாக இருங்கள்.

திலீலா


ஐத் உமாலு
ஏப்ரல் 22

மருமகளே,

மோஹா வேனை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான், இரண்டே வரி. எல்லாம் மாட்டியாகிவிட்டது. டயர் ராஜகுமாரி மாதிரி. செயின் பேசுவதே இல்லை. பிரேக்கைத் தொட்டால் போதும், சைக்கிள் மட்டுமில்லை, பக்கத்தில் போகிற ஆடும் நிற்கிறது. புது பேடுகளைப் பின்சரிவில் பிடித்துப் பிடித்துப் பழக்கிவிட்டேன். சிவப்பு எண்ணெய்ப் புட்டியைப் பார்த்து உன் அம்மா, "இம்மாத்தூண்டா? பட்டணத்துல எண்ணெய்க்குப் பஞ்சமா?" என்றாள்.

நாளை மறுநாள் நான் போகிறேன். முதுகில் சர்க்கரை, பையில் உன் பெரிய எழுத்து.

கொஞ்சம் பயமாக இருக்கிறது. இந்த வரியை அடித்துவிடலாமென்று பார்த்தேன், மோஹா பேனாவைப் பிடுங்குகிறா


ஐத் உமாலு
ஏப்ரல் 27

வெற்றி மாலை சூடிய மாமனிடமிருந்து, வாயைப் பிளந்துகொண்டு படிக்கப்போகும் மருமகளுக்கு,

வியாழன் காலை. சூரியன் என்னிடம் அனுமதி கேட்டு எழுந்தது. ஏரோ, தொட்டிலோ, தையல் மெஷினோ, புதியது எதுவும் முதல் செக்கு ஆலிவ் எண்ணெய் தொடாமல் நம் வாசலைத் தாண்டியதில்லை அல்லவா? உன் அம்மா ஜாடியோடு வந்தாள், பிஸ்மில்லாஹ் சொன்னாள், சைக்கிளுக்கு ஹேண்டில்பார் முதல் டிஸ்க்வரை மணப்பெண்ணுக்குப் பூசுவதுபோல் பூசிவிட்டாள். கழுதை காயித் ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பிவிட்டு மயங்கி விழுந்தது.

ஏற்றத்தில் நான் மிதித்த வேகத்தில் பாதையோரப் பனி உருகிக் கீழே மூன்று ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை போயிற்று. உச்சியில் ஒரு கழுகு, முதுகில் இருந்த நீலக் காகிதத்தை ஆட்டுக்குட்டி என்று நினைத்து என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கியது. "கீழே வை, பெண் கேட்கப் போகிறேன்" என்றேன். அதுவும் குடும்பஸ்தன், புரிந்துகொண்டது. மரியாதையாக இறக்கிவிட்டு இறக்கையால் சட்டையைத் தட்டிவிட்டது.

பிறகு இறக்கம். திலீலா, நீ பார்த்திருக்கவேண்டும். முதல் வளைவில் பாதை இடப்பக்கம் திரும்பியது, நான் திரும்பவில்லை. நேராகப் பள்ளத்தாக்குக்கு மேலே போய்விட்டேன். காற்றில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்றால், நடுவில் பசித்தது. வாதுமைப் பூக்கள் கீழே தெரிந்தன. ஒரு விமானம் வழி கேட்டது. ஹத்தாவின் முற்றத்தில் இறகு விழுவதுபோல இறங்கினேன். பின்சக்கரம் ஒரு புழுதிகூடக் கிளப்பவில்லை. போர்வையைப் பிரித்தால் கூம்பு. முனையில் உட்கார்ந்திருந்த ஈகூட அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஊரே குலவையிட்டது. ஹத்தா சர்க்கரையை வாங்கி உள்ளே போனாள். சிறிது நேரத்தில் தேநீர் வந்தது. ஜூன் முதல் வெள்ளி நிக்காஹ்.

உன் பாகங்களுக்கு என் சலாம். பிரேக் மட்டும் கொஞ்சம் மனம் சரியில்லாமல் இருக்கிறது. பேடுகளைக் கழற்றி ஹத்தாவிடம் கொடுத்திருக்கிறேன், துணி எடுக்க அங்கே வருகிறாள்.

ஆகாயத்தின் மாப்பிள்ளை


மராகேஷ்
மே 6

மாமா,

அத்தை வந்தாள். ஆம், நான் ஹத்தாவை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பட்டறையில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு தேநீர் குடித்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விமானம் வழி கேட்ட இடத்தில் சிரித்துச் சிரித்துத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

பிறகு மாடியிலிருந்து தான் பார்த்ததைச் சொன்னாள்.

"உச்சியில ஒரு புள்ளி தெரிஞ்சுது. சரி, வந்துட்டாருன்னு பாத்தேன். மொத வளைவுல பிரேக் கத்துச்சு பாரு, மலையே பல்லக் கடிக்கிற மாதிரி. மனுசன் நேரா போய் ஜூனிப்பர் புதர்ல சாஞ்சு நின்னாரு. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. திரும்பிப் போயிடுவாருன்னுதான் நெனச்சேன். எந்திரிச்சு, முதுகு மூட்டையத் தடவிப் பாத்தாரு. அப்புறம் சைக்கிள உருட்டிக்கிட்டு எறங்க ஆரம்பிச்சாரு, நோஞ்சான் ஆட்ட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி. அது சரியுறப்பல்லாம் பிரேக்கப் புடிப்பாரு. அது 'ஈஈஈ'ன்னு கத்தும். எங்க ஊரு பொம்பளைங்க காதுல அது எப்படி விழுந்துச்சோ, மாப்பிள்ள வீட்டுக்காரங்க குலவை போட்டுக்கிட்டு வர்றாங்கன்னு நெனச்சு மாடி மாடியா ஏறிப் பதில் குலவை போட்டாங்க. சைக்கிள் கத்தும், இவங்க கத்துவாங்க. மலை முழுக்க அதான். அவரு வாசலுக்கு வர்றதுக்குள்ள என் கல்யாணத்த ஊரே கொண்டாடி முடிச்சிருச்சு. என்னை யாரு கேட்டா?"

"நீங்க என்ன கேட்டீங்க, அத்தை?"

"பறந்து வந்தீங்களான்னு கேட்டேன். 'நடந்து வந்தேன். பிரேக் புடிக்கல. பயமா இருந்துச்சு'ன்னாரு. மூணு பேச்சு, மூணும் உண்மை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த அதிர்ச்சியில சர்க்கரைய வாங்கிட்டேன்."

முனை உடையவில்லை என்று அவளே சொன்னாள். நான் சந்தோஷத்தில் கடையில் இருந்த மணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். முதலாளி என்னவென்று கேட்டார். மாமாவுக்குக் கல்யாணம் என்றேன். அவரும் ஒன்றை அடித்தார்.

ஆனால் மாமா, பேடுகளைப் பார்த்தேன். இரண்டும் எண்ணெயில் ஊறியிருக்கின்றன. முதலாளி முகர்ந்துவிட்டு, "நல்ல மலை எண்ணெய், ரொட்டி இருக்கா?" என்றார். இவை இனி எதற்கும் உதவாது. கழுவினாலும் போகாது, எரித்தாலும் போகாது. அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று நீங்களே பூசியிருப்பீர்கள். பளபளப்பு உங்களுக்குப் பிடிக்கும். அதுகூடப் பரவாயில்லை. கீழே விழாமல் வந்தீர்கள், அதுவே போதும்.

ஆனால் பழியை அம்மாமேல் போட்டு எழுதியிருக்கிறீர்கள். கழுகு இருக்கட்டும், மயங்கிய கழுதை இருக்கட்டும், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே படித்தேன். அம்மா ஜாடியோடு வந்தாள் என்ற இடத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. என் வேலையைத் தொட்டுப் பார்க்காத ஒருத்தியை அதற்கு எண்ணெய் பூசியவளாக்கி என்னிடமே கதை சொல்லாதீர்கள். வேறு எந்தப் பொய்யும் சொல்லுங்கள். அது வேண்டாம்.

நிக்காஹுக்கு வரலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வராவிட்டாலும் புது பேட் அனுப்புவேன்.

திலீலா


ஐத் உமாலு
மே 13

திலீலா,

இன்று பட்டம் எதுவும் இல்லை. வெறும் மாமா.

கழுகு பொய். அங்கே இருந்தது ஒரு காக்கை, அதுவும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. விமானம் பொய். வெள்ள எச்சரிக்கை பொய்; ஏற்றத்திலும் நான் முக்கால்வாசித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். காயித் மயங்கவில்லை, எல்லைவரை வரவும் இல்லை, கொட்டகையில் நின்று நிம்மதியாகப் புல் மென்றுகொண்டிருந்தது. சந்தையில் கெட்டில் கொதிப்பதை நிறுத்தவில்லை. இந்தக் கடிதங்களில் நான் சொன்னதையெல்லாம் சல்லடையில் போட்டுச் சலித்தால் கையில் நிற்பது ஒரு சின்னத் துண்டுதான்.

அன்று காலை சைக்கிளை வாசலில் நிறுத்தியிருந்தேன். உன் அம்மா ஜாடியோடு வந்தாள். கல்யாண வீட்டுக்கென்று எடுத்துவைத்த எண்ணெய். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பாஸ்ஸு, இதுல எதெல்லாம் அவ செஞ்சது?"

"முன்னாடி இருக்கிற ஷாக்க அவதான் தெறந்து கழுவினா. டயர் அவ பாத்து எடுத்தது. செயின், பல்சக்கரம், இந்தப் பிரேக்கு, இந்தத் தட்டுகிட்ட இருக்கிற பேடு. எல்லாமே அவதான்க்கா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

பிஸ்மில்லாஹ் என்றாள். விரலை எண்ணெயில் தோய்த்து, நான் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். உன் பெரிய எழுத்து என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் கை டிஸ்க் பக்கம் போனபோது அந்தக் காகிதம் என் மார்பைச் சுட்டது. "அக்கா, அதுல வேணாம்" என்று ஒரு வார்த்தை போதும். வாய் திறந்தேன். அப்போது அவள், என்னிடம் இல்லை, சைக்கிளிடம் சொல்வதுபோல, "எம் பொண்ணு கை பட்டது" என்றாள்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். ஊர் எல்லை தாண்டியதும் சட்டையால் துடைத்துப் பார்த்தேன். துடைத்தால் போகிற எண்ணெயா நம் வீட்டு எண்ணெய்?

புது பேட் வேனில் வரவேண்டாம், நீ கொண்டுவா. உன் அம்மா ஜாடியை மறுபடியும் நிரப்பி வைத்திருக்கிறாள், டிஸ்கில் பூசக்கூடாது என்று நீதான் அவளிடம் சொல்லவேண்டும். எனக்குத் தைரியமில்லை.

அவள் சொன்னதில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

மாமா